இனியாளின் எலிக்குப் பரீட்சை

இனியாளின் எலிக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. வீட்டில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் அம்மா சங்கவி செவ்வாய்க்கிழமையிலிருந்தே விரதம். எலி பிறந்த நேரத்தை, அதை வளர்க்கும் திருச்சி முன்னறி நடுவத்திலிருந்து கேட்டு வாங்கி, ஜோசியரிடம் கொடுத்து, ஜாதகமும் எழுதி வாங்கியாகிவிட்டது. "எலிக்குப் பூராடம். அன்னைக்குச் சந்திராஷ்டமம் கிடையாது, தைரியமா இருங்க" என்று அவர் சொல்லியிருந்தார். லால்குடி பக்கம் இப்போதெல்லாம் ஜோசியர்களுக்கு மனுஷ ஜாதகத்தைவிட எலி ஜாதகத்தில்தான் பிழைப்பு நன்றாக ஓடுகிறது.

சிரிக்காதீர்கள். பிள்ளையின் தலையெழுத்து ஒரு எலியின் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தால் நீங்களும் ஜோசியர் வீட்டுக்குத்தான் ஓடுவீர்கள்.

இனியாளுக்கு ஆறு வயது முடியப் போகிறது. புரதத்தில் இருக்கும் பினைலலனின் என்கிற ஒரு பொருளைக் கரைக்கத் தெரியாத ஈரலோடு பிறந்தவள். பால், பருப்பு, முட்டை, மீன் என்று எதைத் தொட்டாலும் அதில் அந்தச் சனியன் இருக்கும். கரையாமல் இரத்தத்தில் தேங்கிவிட்டால் மூளையைக் கெடுக்கும். சொன்னது ஏறாது, ஏறியது நிற்காது. அவள் அப்பா காத்தமுத்து கட்டியிருந்தது சொந்த அக்கா மகளை. இருவரிடமும் ஒரே பழுதுபட்ட மரபணு ஒவ்வொன்று சத்தமில்லாமல் ஒளிந்திருந்தது. இரண்டும் மகளிடம் வந்து சேர்ந்துகொண்டன.

காத்தமுத்து கல்யாணச் சமையல்காரன். சமையல் பொறிகள் வந்து பத்து வருஷமாகியும் கல்யாணம் என்றால் கைச்சமையல்தான் கௌரவம் என்பதால் அவனுக்கு முகூர்த்த நாளில் மூச்சுவிட நேரம் இருக்காது. நானூறு இலை பந்திக்கு உப்பை அளக்காமல் கையால் அள்ளிப் போடுகிறவன், சொந்த மகளுக்குச் சோறு போடும்போது மட்டும் கிராம் தராசை எடுத்து வைப்பான். ஊரே அவன் சாம்பாரை நக்கிச் சாப்பிட்டது. பெற்ற பிள்ளையால் அதில் ஒரு கரண்டி தொட முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சலை அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

பத்தியம் மட்டும் இருந்தால் போதாது. இனியாளின் மேல்கையில் வாரம் ஒருமுறை ஒரு நொதிப்பட்டை ஒட்டுவார்கள். நாணய அளவுதான். அதிலிருந்து இறங்கும் நொதி, ஈரல் செய்யவேண்டிய வேலையைச் செய்துவிடும். அந்த நொதியை வளர்க்கும் கொப்பரைகள் நாட்டில் மொத்தமே நான்கு. பிள்ளைகளோ ஆயிரக்கணக்கில். பட்டை ஒட்டியும் சில பிள்ளைகளுக்கு மூளை தேறுவதில்லை. ஆகவே யாருக்குக் கொடுத்தால் வீணாகாது என்று பார்த்துக் கொடுக்க ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழிதான் நிழலெலி.

ஆறு வயது நெருங்கும்போது, பிள்ளையின் மரபணுவில் எந்த இடத்தில் எந்தப் பழுதோ, அதே இடத்தில் அதே பழுதை ஓர் எலிக் கருவில் வைப்பார்கள். பிறந்த எலிக்கு அதே நொதி, அதே பத்தியம். எலி எட்டு வாரத்தில் வளர்ந்து ஆளாகிவிடும். அதாவது, இனியாள் பதினைந்து வயதில் எப்படிக் கற்பாள் என்பதை எலி இன்றைக்கே கற்றுக் காட்டிவிடும். எலி தேறினால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் பட்டை. தேறாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தம்.

"அப்பா, எலிக்கு வாய்ப்பாடு தெரியுமா?" என்று புதன்கிழமை இனியாள் கேட்டாள்.

"தெரியாதுடா தங்கம்."

"எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியுமே. என்கிட்ட கேக்கச் சொல்லு."

"உன்கிட்ட கேக்க மாட்டாங்கடி" என்றாள் சங்கவி. "நீ இப்ப நல்லாத்தான் இருக்கே. நாளைக்கு எப்படி இருப்பேங்கிறதுதான் அவங்களுக்கு வேணும்."

இனியாள் தராசில் தன் சோற்றை அவளே நிறுத்துப் பார்த்து, "நூத்திப் பத்து. சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். 

வியாழக்கிழமை விடிந்ததும் காத்தமுத்து அடுப்படிக்குப் போனான். கொஞ்சம் ஜவ்வரிசியை வேகவைத்து, சீனி சேர்த்து, ஒரு துளி நெய் விட்டுக் கிளறி, கொண்டைக்கடலை அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்தான். ஜவ்வரிசியில் புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆறு வருஷமாக மகளுக்குச் செய்துபோட்டு அவனுக்கு அத்துபடி. நாலு தடவை கணக்குப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் போட்டு மூடினான். பரீட்சைக்குப் போகிற உயிரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வீடு எங்கேயாவது உண்டா? சங்கவியிடம்கூட அவன் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள்.

திருச்சியில் முன்னறி நடுவத்தின் வாசல் திருவிழா மாதிரி இருந்தது. எலிக்கூண்டுக்குக் கட்டும் மந்திரக் கயிறு ஒரு பக்கம், விரல் நீள மாலை ஒரு பக்கம். எதிரே புதிதாக முளைத்திருந்த தேர்ச்சிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வரிசை. பிள்ளையாரைவிட அவர் காலடியில் இருந்த மூஞ்சூறுக்குத்தான் அபிஷேகம் பலமாக நடந்தது. இனியாளைச் சங்கவியின் மடியில் உட்காரவைத்துவிட்டுக் காத்தமுத்து உள்ளே போனான். பரீட்சைக்கு முன்னால் பெற்றோரில் ஒருவர் மட்டும் எலியைப் பத்து நிமிஷம் பார்க்கலாம். "புரதம் கலந்த எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது" என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். அவன் நின்று நிதானமாகப் படித்தான். தன்னிடம் அப்படி ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தது.

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினா கூண்டைக் கொண்டுவந்து வைத்தாள். முப்பது வயதுக்காரி, கையுறை போட்ட கையோடு எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவள்.

"இதுதாண்ணே உங்க பொண்ணு. நாலாயிரத்து நானூத்திப் பதினேழு."

எலி சாம்பல் நிறத்தில், விலா எலும்பு எண்ணக்கூடியதாக இருந்தது. கம்பியில் மூக்கை வைத்து அவன் விரலை மோந்து மோந்து பார்த்தது.

"ஏம்மா, இப்படி எலும்பும் தோலுமா இருக்கு? சோறே போடுறதில்லையா?"

"பரீட்சை எலின்னா அப்படித்தாண்ணே இருக்கும்."

"சொந்தத்துல கட்டுனதால இதுக்கும் இப்படியோ?"

"அடப் போங்கண்ணே" என்று ரெஜினா சிரித்துவிட்டாள். "எங்க எலிங்க இருபது தலைமுறையா அண்ணன் தங்கச்சிக்குள்ளதான். நீங்கள்லாம் எம்மாத்திரம்!"

அதற்குள் பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிட, "இதோ வந்துடறேன், திறந்திடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அவன் கூண்டைத் திறக்கவில்லை. டப்பாவைத்தான் திறந்தான். கம்பி இடுக்கு வழியாக ஒரு உருண்டையை நீட்டினான். எலி இரண்டு முன்கைகளாலும் வாங்கிக்கொண்டது. பிள்ளைகள் லட்டைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் அவனையே பார்த்தபடி தின்றது. இன்னொன்று. இன்னுமொன்று. போதும் என்று யாரும் சொல்லவில்லை, தராசில் எந்த எண்ணும் ஓடவில்லை. அவன் செய்ததை அவன் வீட்டுப் பிள்ளை ஒன்று வயிறாரச் சாப்பிடுவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறான். கண் நிறைந்துவிட்டது. "சாப்பிடு ஆத்தா. நல்லா சாப்பிட்டுப் போயி நல்லா எழுது" என்றான்.

ரெஜினா வந்தபோது டப்பா அவன் பைக்குள் இருந்தது. எலி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பெரிய கூடத்தில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சுவர் முழுக்கத் திரை. ஒவ்வொரு எலிக்கும் ஒரு சிறு பெட்டி, பெட்டிக்குள் இரண்டு மண் கிண்ணம். ஒன்றில் ஏலக்காய் மணம், இன்னொன்றில் வெட்டிவேர் மணம். ஆறு நாளாக ஏலக்காய் மண்ணுக்கு அடியில்தான் தீனி புதைத்து வைத்து எலிகளைப் பழக்கியிருந்தார்கள். இன்றைக்குத் தீனியை வெட்டிவேருக்கு அடியில் மாற்றிவிட்டார்கள். பழையதை மறந்து, புதியதைப் பிடித்துக்கொண்டு தோண்டுகிறதா என்பதுதான் பரீட்சை. மொத்தம் இருபது வாய்ப்பு.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாளின் மகனுடைய எலி முதல் இரண்டு முறை ஏலக்காயைத் தோண்டி ஏமாந்தது, மூன்றாவது முறையே வெட்டிவேருக்கு மாறிவிட்டது. அந்த அம்மாள் எழுந்து நின்று கும்பிட்டாள். 

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு பெட்டிக்குள் நுழைந்தது. இரண்டு கிண்ணத்தையும் ஒருமுறை மோந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டது. பிறகு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பதறாம நிதானமா இருக்கு பாத்தியா" என்றான் காத்தமுத்து, சங்கவியிடம் பெருமையாக.

ஐந்தாவது வாய்ப்பு வந்தது, எட்டாவது வந்தது. எலி வெட்டிவேரை லேசாகக் கீறிப் பார்த்தது, கிடைத்ததைத் தின்னாமல் அப்படியே விட்டுவிட்டு மூலைக்குத் திரும்பியது. பன்னிரண்டாவது வாய்ப்பில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு தூங்கிவிட்டது. கூடத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். சங்கவியின் நகங்கள் காத்தமுத்துவின் முழங்கையில் பதிந்திருந்தன.

"எந்திரிடி" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். "எந்திரிடி, என் ராசாத்தி."

அவள் மடியில் இருந்த இனியாள், "அம்மா, அந்த வேர் வாசனைக் கிண்ணத்துலதாம்மா இருக்கு. எனக்கே தெரியுது" என்றாள்.

கடைசியில் மூன்று சரி, பதினேழு தவறு. தோண்டாமல் விட்டதெல்லாம் தவறுதான். கற்றல் குறியெண் பதினைந்து, தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும், நொதிப்பட்டை அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படுகிறது என்று திரை சலனமில்லாமல் அறிவித்தது.

சங்கவி இனியாளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். காத்தமுத்து எழுந்திருக்கவே இல்லை. சற்று நேரத்தில் ரெஜினா வந்து அவனை மாடிப்படி ஓரமாக அழைத்துப் போனாள்.

"அண்ணே, எலி எடை ரெண்டு கிராம் கூடியிருக்கு. ஏதாவது குடுத்தீங்களா?"

"ஜவ்வரிசிதாம்மா. புரதம் ஒரு துளிகூடக் கிடையாது. என் புள்ளைக்குக் குடுக்குறதுதான்."

ரெஜினா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி மனுஷா! ரெண்டு வாரமா அதைப் பட்டினி போட்டு வெச்சிருந்தோமே, எதுக்குன்னு நினைச்சீங்க? பசிச்சாத்தானே தோண்டும்? வயிறு ரொம்புன எலிக்கு ஏலக்காயாவது, வெட்டிவேராவது! அது எதுக்குத் தோண்டணும்?"

காத்தமுத்து பைக்குள் இருந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்தான்.

"புத்தியைப் பாக்குறாங்கன்னுதானே சொன்னாங்க? பசியைப் பாக்குறாங்கன்னு யாரும் சொல்லலையே, தாயி."

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே இங்கே" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பயிற்சியில உங்க எலிதான் முதல்ல பிடிச்சுக்கிட்டுச்சு. ஆறு நாளும் பத்தொன்பதுக்குக் கீழே போகல."

அவளே அவனை மருத்துவர் ஆதிரையின் அறைக்குக் கூட்டிப்போனாள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து முழுவதையும் கேட்டார்.

"நாளைக்குப் பட்டினி போட்டு இன்னொரு தடவை தோண்ட விடுங்கம்மா. தோண்டும். அதுக்குத் தெரியும்" என்றான் காத்தமுத்து.

"எலி இல்லைங்க. பரீட்சை முடிஞ்ச அரைமணி நேரத்துல மூளையை எடுத்து உறைபெட்டியில வெச்சுடுவாங்க, ஆராய்ச்சிக்கு."

"அப்ப அந்த மூளையை எடுத்துப் பாருங்க. நல்ல மூளைன்னு தெரிஞ்சுடுமே."

"நாலாயிரம் மூளை இருக்கு அங்கே. வரிசை வரும்போது பாப்பாங்க."

"வேற எலி?"

"ஒரு பிள்ளைக்கு ஒரு எலிதான்." ஆதிரை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. நீங்க தீனி குடுத்தீங்கன்னு நான் எழுதினா, அது குறுக்கீடு. பயிற்சி குடுத்த எலியை மாத்தி வைக்கிற பணக்காரங்களுக்காகப் போட்ட விதி. குறுக்கீடுன்னா உங்க மகள் பேரையே பதிவேட்டுலேர்ந்து எடுத்துடுவாங்க. பட்டை மட்டுமில்லை, மாசாமாசம் வர்ற, பினைலலனின் இல்லாத பத்தியப் பொடியும் நின்னுடும். அந்தப் பொடி இல்லேன்னா பிள்ளை எதைச் சாப்பிட்டு வளரும்? அதனால நீங்க இந்த அறைக்கு வரவே இல்லை. எழுந்து போங்க."

"தப்பு பண்ணது நானும்மா. அது குழந்தை."

"தெரியுது" என்றார் அவர். "போங்க."

பேருந்து நிலையத்தில் வைத்துச் சங்கவியிடம் சொன்னான். மறைத்து வைக்க அவனால் முடியவில்லை. அவள் ஓவென்று கத்துவாள், நாலு பேர் கூடுவார்கள் என்று நினைத்தான். அவள் கத்தவில்லை.

"உங்களுக்கு யாருக்காவது ஊட்டலேன்னா கை அரிக்குமே, மாமா" என்றாள். "ஆறு வருஷம் நான் பட்டினியாப் போட்டுக் காப்பாத்துனேன். நீங்க அஞ்சு நிமிஷம் பாசம் காட்டுனீங்க."

பிறகு இனியாளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு லால்குடி பேருந்தில் ஏறினாள். 

பட்டை நின்றது. பத்தியத்தை இன்னும் இறுக்கினார்கள். நூற்றுப் பத்து கிராம் சோறு எண்பதாயிற்று, அறுபதாயிற்று. பிள்ளை வளர வேண்டாமா? வளரும் உடம்புக்குப் பத்தியப் பொடி மட்டும் போதாது, சோற்றிலிருந்தும் கொஞ்சமாவது புரதம் வேண்டும். கொடுத்தால் மூளைக்கு ஆகாது, கொடுக்காவிட்டால் உடம்புக்கு ஆகாது. இரத்தத்தில் அந்தப் பொருள் எவ்வளவு என்று அளக்க மணிக்கட்டில் கட்டியிருந்த குருதிமானி மஞ்சளைக் காட்டியது. மறுவருஷம் சிவப்புக்குப் போனது. அதன் பிறகு பச்சைப் பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் ஏழாம் வாய்ப்பாடு போயிற்று. பிறகு ஐந்தாம் வாய்ப்பாடு. ஒருநாள் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே வரியை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "தெரியும்பா, எனக்குத் தெரியும். வாயிலதான் வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அழுதாள். காத்தமுத்து அடுப்படிக்குப் போய் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு அழுதான். அதற்கும் அடுத்த வருஷம் அவள் அழவில்லை. தெரியும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. அந்த அழுகையே தேவலை என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தோன்றியது.

இனியாளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், நடுவத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் தாரகேஸ்வரி. இருபத்தைந்து இருக்கும். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, கொடுத்த தண்ணீரை மரியாதையாக வாங்கிக் குடித்தாள். எலிகள் சொன்னது பலித்ததா என்று மூன்று வருஷம் கழித்து வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பது அவள் வேலை.

இனியாளிடம் பத்துக் கேள்வி கேட்டாள். உன் பெயர் என்ன, இது எத்தனை பழம், நேற்று என்ன கிழமை. இனியாள் அவளைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தாள். பெயரைச் சொன்னாள். பழத்தைக் காட்டியபோது "பழம்" என்றாள். நாய்ப் படத்தைச் சரியாகத் தொட்டாள். மற்றதற்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

தாரகேஸ்வரி கையிலிருந்த பலகையில் குறித்துக்கொண்டாள். முகத்தில் வேலை சரியாக முடிந்த திருப்தி.

"எலி சொன்னது அப்படியே பொருந்துதுங்க. இதோட நூத்திப் பன்னிரண்டு வீடு பாத்துட்டேன். எலி தேறுன வீட்டுல பிள்ளைங்க அருமையாப் படிக்குது. தேறாத வீட்டுல இப்படித்தான். ஒரு வீட்டுல கூடத் தப்பலைங்க. இந்தக் கணக்கை வெச்சுத்தான் வர்ற வருஷத்துலேர்ந்து எல்லாக் குழந்தைக்கும் எலி வைக்கப் போறாங்க. நோய் இருக்கோ இல்லையோ, எந்தப் பிள்ளையைப் படிக்க வைக்கலாம், எதை வேலைக்குப் பழக்கலாம்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம் பாருங்க."

காத்தமுத்து மூன்று வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவன். அன்றைக்கு முடியவில்லை.

"ஏம்மா, படிச்ச புள்ளதானே நீ? எலி தேறலேன்னு மருந்தை நிறுத்துனீங்க. மருந்தை நிறுத்துனதால என் புள்ள இப்படி ஆயிருச்சு. தேறுன வீட்டுல மருந்து குடுத்தீங்க, அது படிக்குது. இதுல எலி என்னத்தைத் தாயி சொல்லிச்சு? எலிக்குப் பதிலா ஒரு கல்லை வெச்சு, இடதுபக்கம் விழுந்தா மருந்து, வலதுபக்கம் விழுந்தா கிடையாதுன்னு சொல்லியிருந்தாலும் கல்லு சொன்னது அப்படியே பலிச்சிருக்குமே!"

"அது என் படிவத்துல இல்லைங்க ஐயா."

"சரி, இதைக் கேளு. அன்னைக்கு அந்த எலிக்கு வயிறு ரொம்ப நான்தான் தின்னக் குடுத்தேன். பசியில்லாமதான் அது தூங்குச்சு. அதுக்கு எல்லாம் தெரியும். என் புள்ளைக்கும் எல்லாம் தெரியும்."

"மாமா!" என்று சங்கவி பதறிப்போய் அவன் வாயைப் பொத்த வந்தாள். "அவர் ஏதோ ஆத்தாமையில உளர்றாருங்க. எழுதிடாதீங்க, பொடி நின்னுடும்."

தாரகேஸ்வரி எழுதவில்லை. எழுத்தாணியை வைத்துவிட்டு, உண்மையிலேயே யோசித்தாள். நெற்றி சுருங்கியது. கொஞ்ச நேரம் இனியாளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பிறகு முகம் தெளிந்துவிட்டது.

"அப்படியே இருக்கட்டுங்க ஐயா. வயிறு நிறைஞ்சிருந்தும் சரியாத்தானே சொல்லியிருக்கு?"

அவள் பலகையை அவன் முன்னால் நீட்டினாள். கீழே கட்டைவிரல் வைக்க ஒரு வட்டம். அதற்கு மேலே, "என் பிள்ளையின் நிழலெலி சொன்னது சரி என்று உறுதியளிக்கிறேன்" என்று எழுதியிருந்தது.

"வைங்க மாமா" என்றாள் சங்கவி. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "பொடியாவது வரட்டும்."

இனியாள் எட்டிப் பார்த்து, வட்டம் அழகாக இருக்கிறது என்று அதில் தன் விரலை வைக்கப் போனாள். தாரகேஸ்வரி அவள் கையை மெதுவாக விலக்கி, "உன்னுது வேண்டாம் கண்ணு, அப்பாவோடதுதான் வேணும்" என்றாள்.

காத்தமுத்து விரலை வைத்தான். எலி தவறியதில்லை என்பதற்கு நூற்றுப் பன்னிரண்டாவது சாட்சியாக அவன் பெயர் ஏறியது.